பின்வண்டிக்காரரின் கோபம் இன்னும் தணியவில்லை

நான் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். வண்டி வருகிறது, போகிறது என்று சொல்வதுதான் என் வேலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நேரத்துக்கு வரும் வண்டியைப் பற்றி யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, அது கண்ணுக்கே தெரியும். நான் வாய் திறப்பது பெரும்பாலும் வராத வண்டிக்காகத்தான். எங்கோ ஒருவர் சிக்னலைப் பழுது பார்க்க மறந்திருப்பார். எங்கோ இன்னொருவர் எஞ்சினுக்கு ஆள் அனுப்பாமல் தூங்கியிருப்பார். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, "ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்று நான் சொல்வேன். செய்தவன் எவனோ, வருந்துகிறவன் நான். இத்தனை வருஷத்தில் அது நாக்கோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூட முதலில் வருந்திவிட்டுத்தான் அடுப்பை அணைப்பேன்.

"உங்க வாய் ஒருநாள் உங்களை நல்லா மாட்டி விடப்போகுது பாருங்க" என்று என் மனைவி சொல்லிக்கொண்டே இருப்பாள்.

மாட்டி விட்டது.

அன்று அவளை அழைத்துவரத்தான் போய்க்கொண்டிருந்தேன். அவளுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. அதற்குப் பிறகு பயிற்சி முக்கியம், பயிற்சி தவறினால் முட்டி இறுகிவிடும், இறுகிவிட்டால் ஆயுசுக்கும் மடங்காது என்று பயிற்சி கொடுக்கும் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். பயிற்சி நிலையம் ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது, கருவிகளெல்லாம் அங்கேதான். பஸ் படியில் அவளால் ஏற முடியாது. வாடகைக் காரில் காலை மடக்கித்தான் உட்கார வேண்டும், அது அவளால் முடியாது. ஆகவே எங்கள் பழைய காரின் முன் இருக்கையை மெக்கானிக்கிடம் சொல்லி நன்றாகப் பின்னால் தள்ளி, சாய்த்து, காலை நீட்டி உட்காருகிற மாதிரி செய்துவைத்திருந்தேன். கெண்டைக்காலுக்குக் கீழே வைக்க அவளே ஒரு பச்சைத் திண்டு தைத்திருந்தாள். உலகத்தில் அவள் ஏறக்கூடிய வண்டி அது ஒன்றுதான்.

சிக்னலில் சிவப்பு விழுந்தது. நின்றேன். பின்னால் டொம்மென்று ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை, பரணிலிருந்து அண்டா விழுகிற மாதிரி. இறங்கிப் பார்த்தேன். என் வண்டியின் பின்பக்கம் நெளிந்து, சிவப்பு விளக்கு உடைந்து தொங்கியது. பின்வண்டிக்கு முன்னால் ஒரு கீறல்.

பின்வண்டிக்காரர் கதவைத் திறந்து இறங்கும்போதே முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கட்டையான ஆள். சட்டையை இஸ்திரி போட்டு, கழுத்துப் பட்டன்வரை போட்டிருந்தார்.

"ஏன்யா நின்ன?"

"சிவப்பு விழுந்துதுங்க."

"சிவப்பு விழுந்தா பொத்துனு நின்னுடுவியா? பின்னாடி ஒருத்தன் வரான்னு ஒரு நினைப்பு வேணாம்? உன் இஷ்டத்துக்கு நிப்பே, நான் வந்து உன்மேல இடிச்சுக்கணுமா? என் வண்டி என்ன ஆச்சு பாரு! யாருக்குக் கண்ணு தெரியலே? உனக்கா எனக்கா?"

வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். என் வண்டியின் கூரையைக் கையால் தட்டினார், காலால் டயரை உதைத்தார். கூட்டம் சேர்ந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் செய்த தப்பு அப்போதுதான் நடந்தது. கூட்டத்தைப் பார்த்ததும், சத்தத்தைக் கேட்டதும், பழக்க தோஷத்தில் என் வாய் தானாகத் திறந்து, ரயில் நிலையக் குரலில் தெளிவாகச் சொன்னது:

"ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறேன்."

அந்த நேரம் பார்த்து சாலை நல்லிணக்க மையத்தின் வண்டி வந்து நின்றது.

அந்த மையத்தைப் பற்றி நான் கேள்விப்பட்டிருந்தேன். சாலையில் சண்டைகள் அதிகமாகிவிட்டதால், விபத்தில் சிக்கியவர்களைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்கென்றே புதிதாகத் தொடங்கியது. நல்ல விஷயம்தானே என்று நினைத்திருந்தேன். வண்டியிலிருந்து பச்சைக் கோட்டு போட்ட ஒரு அம்மாள் இறங்கினார். யார் இடித்தது, எப்படி இடித்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இங்க வருத்தம் தெரிவிச்சது யாரு?"

கூட்டம் மொத்தமும் என்னைக் கை காட்டியது.

அந்த அம்மாள் பின்வண்டிக்காரரின் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டினார். அதிலிருந்து ஒரு ஒயர் சின்னப் பெட்டிக்குப் போயிற்று, பெட்டியில் ஒரு முள் இருந்தது. கோபமானி என்றார். முள் வலது ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. பிறகு எனக்குக் கட்டினார். முள் அசையவில்லை. பெட்டியைத் தட்டிப் பார்த்தார், அப்போதும் அசையவில்லை. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு என் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். பின்வண்டிக்காரரின் சாவியை அவர் கையிலேயே பணிவாகக் கொடுத்தார்.

"கோபமா இருக்கறவரை வண்டி இல்லாம நடக்க வைக்கக் கூடாதுங்க. அது நியாயமில்ல. உங்க வண்டி எங்ககிட்ட இருக்கும். அவர் கோபம் தணிஞ்சதும் வந்து எடுத்துட்டுப் போங்க."

என் மனைவி பயிற்சி நிலைய வாசலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கடைசியில் பக்கத்துக் கடைக்குச் சாமான் இறக்க வந்த பிரிட்ஜ் கம்பெனி வண்டியின் பின்பக்கத்தில், காலை நீட்டிக்கொண்டு, ஒரு பிரிட்ஜைக் கட்டிப்பிடித்தபடி வீடு வந்து சேர்ந்தாள்.

நான் நடந்ததைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

"அவன் இடிச்சான், நீங்க எதுக்கு வருந்தினீங்க?"

"வாயில வந்துடுச்சு."

"வாயில வந்ததை முழுங்கணும்னு யாரும் சொல்லித் தரலையா உங்களுக்கு?"

அதற்கும் வருந்துகிறேன் என்று சொல்லப்போய், மென்று விழுங்கினேன்.

மையத்தின் இயக்குநர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். வழுக்கை, சிரித்த முகம், எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். அறையில் அவர் தலைக்கு மேலே, 'கோபம் புனிதமானது' என்று பெரிதாக எழுதி மாட்டியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மைதானம். அங்கே வரிசையாக நின்ற வண்டிகளில் என்னுடையதும் இருந்தது. கண்ணாடி வழியாகப் பச்சைத் திண்டு தெரிந்தது.

"சார், இடிச்சது அவர்தானே?" என்றேன்.

"அவர்தான். யார் இல்லைன்னா?"

"அப்ப தப்பு அவர் மேலதானே?"

"அறிவிப்பாளர் சார், நீங்க படிச்சவர், உங்ககிட்ட மனசு விட்டுப் பேசறேன். தப்பு யாருதுன்னு கண்டுபிடிக்கறது இருக்கே, அது பெரிய தலைவலி. சாட்சி வேணும், அளக்கணும், யோசிக்கணும். யோசிச்சாலும் தப்பாப் போகலாம். கோபம் அப்படியா? பார்த்த உடனே தெரிஞ்சுடுது. அதனால நாங்க கோபத்தை மட்டும்தான் எடுத்துக்கறது. யாருக்குக் கோபமோ அவர்தான் பாதிக்கப்பட்டவர். அடிபடாம ஒருத்தர் இவ்வளவு கத்துவாரா, சொல்லுங்க?"

"என் வண்டிதானே சார் நெளிஞ்சிருக்கு?"

"நெளிஞ்சிருக்கு. ஆனா உங்களுக்குக் கோபம் வந்துதா?"

"இல்ல..."

"பாத்தீங்களா?" என்று என் முதுகில் அன்பாகத் தட்டினார். "அவரைச் சமாதானப்படுத்துங்க. அவர் தணிஞ்சுட்டா வண்டி உங்களுது."

மனைவியின் முட்டியைப் பற்றிச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டார். கேட்டு முடித்து, "இதை அவர்கிட்ட சொல்லிடாதீங்க. அவர் மனசு கஷ்டப்படும்" என்றார்.

முதல் அமர்வு கூடத்தில் நடந்தது. பின்வண்டிக்காரருக்கு மின்விசிறிக்கு நேர்க்கீழே மெத்தை நாற்காலி, எனக்கு முக்காலி. அவருக்குக் காபி வந்தது. எனக்கு வரவில்லை. அமைதியாக இருப்பவர்களுக்குக் காபி தேவைப்படாது என்று கோபமானி அம்மாள் விளக்கினார். பின்வண்டிக்காரர் காபியை உறிஞ்சிவிட்டு என்னைத் திட்டத் தொடங்கினார். நான் வண்டி ஓட்டும் லட்சணத்தைத் திட்டினார், என் சட்டையைத் திட்டினார், சிவப்பு விளக்கைக் கண்டுபிடித்தவனைத் திட்டினார். நான் கை கட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். முடிவில் முள் தொடங்கிய இடத்தைவிட மேலே போயிருந்தது. நன்றாக முன்னேறுகிறோம் என்றார் இயக்குநர்.

அடுத்த அமர்வில் விபத்தை நடித்துக் காட்டச் சொன்னார்கள். நடந்ததை மறுபடி அனுபவித்தால் கோபம் கரையுமாம். சக்கரம் வைத்த இரண்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து கூடத்தின் நடுவே ஒன்றின் பின் ஒன்றாக வைத்தார்கள். முன் நாற்காலியில் நான், பின் நாற்காலியில் அவர். கோபமானி அம்மாள் சிவப்பு பிளாஸ்டிக் வாளி மூடி ஒன்றைத் தூக்கிப் பிடித்தார். அதுதான் சிக்னல். மூடி உயர்ந்ததும் நான் நிற்க வேண்டும், அவர் வந்து இடிக்க வேண்டும்.

இடித்தார். முதுகெலும்பு வரை நோவெடுத்தது.

"அன்னைக்கு இருந்த வேகம் வரலையே" என்றார் இயக்குநர் ஏமாற்றத்துடன். "சார், கொஞ்சம் பின்னாலேருந்து வாங்க. தயங்காதீங்க, உங்க கோபம் இது."

மறுபடி இடித்தார். காலை நன்றாக உந்தி மறுபடியும். கடைசித் தடவை நான் நாற்காலியோடு போய்ச் சுவரில் மோதி விழுந்தேன். யாரும் என்னைத் தூக்க வரவில்லை. எல்லோரும் பின்வண்டிக்காரரைச் சூழ்ந்துகொண்டு, எவ்வளவு பதறிப்போயிருக்கிறார் பாருங்கள் என்று விசிறினார்கள். நான் தரையில் கிடந்தபடி பழக்கத்தில் வருந்தினேன். அதையும் குறித்து வைத்துக்கொண்டார்கள்.

இதற்கிடையில் வீட்டில் மனைவி துண்டைச் சுருட்டி முட்டிக்குக் கீழே வைத்துக்கொண்டு தானே பயிற்சி செய்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கிப் பார்ப்பாள். கொஞ்சம் மடங்கும், அப்புறம் மடங்காது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம். நடக்க முடிகிறவர்களை ஏற்றுவதில்லை என்றார்கள். பிரிட்ஜ் கம்பெனிக்கும் போன் போட்டோம். பிரிட்ஜ் வாங்கினால் வருகிறோம் என்றார்கள். நான் அவள் காலைப் பிடித்து மெல்ல அழுத்துவேன். அவள் கண்ணில் தண்ணீர் வந்ததும் கையை எடுத்துவிடுவேன்.

"எடுக்காதீங்க. அங்க அந்தப் பொண்ணு எடுக்க மாட்டா."

"என்னால முடியலம்மா."

"உங்களால எதுதான் முடியும்?" என்றாள். சொன்ன பிறகு என் கையைத் தட்டிக் கொடுத்தாள். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பிறகு மையத்தார் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். இல்லச் சமரசம் என்று அதற்குப் பெயர். இயக்குநர், கோபமானி அம்மாள், பின்வண்டிக்காரர் மூவரும் எங்கள் கூடத்து சோபாவில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மனைவி எதிரே நாற்காலியில், காலை ஸ்டூல் மேல் நீட்டி வைத்திருந்தாள். நைட்டியை முழங்கால்வரை ஏற்றியிருந்ததால் தையல் போட்ட வடு தெரிந்தது.

பின்வண்டிக்காரர் வழக்கம்போல ஆரம்பித்தார். "வீடு மட்டும் நல்லா வச்சிருக்கே, ரோட்டுல நிக்கத் தெரியலே! உன்னை மாதிரி ஆளுங்களாலதான்..."

அவர் பார்வை முட்டியில் விழுந்தது. பேச்சு நின்றது.

"என்னம்மா கால்ல?"

"ஆபரேஷன்" என்றாள் மனைவி. "இவர் அன்னைக்கு என்னைக் கூப்பிடத்தான் வந்துட்டிருந்தாரு. அந்த வண்டில மட்டும்தான் நான் ஏற முடியும். வண்டி இல்லாம பயிற்சிக்குப் போகலை. இப்ப மடங்க மாட்டேங்குது."

பின்வண்டிக்காரர் கழுத்துப் பட்டனைக் கழற்றினார். கோபமானி அம்மாள் பெட்டியைப் பார்த்து வீறிட்டார்.

"சார்! முள்ளு இறங்குது சார்!"

நான் எழுந்து நின்றுவிட்டேன். மைதானத்து மூலையில் நிற்கும் என் வண்டி ஒரு கணம் கண் முன்னால் வந்தது. இயக்குநர் என்னைவிட வேகமாக எழுந்து பின்வண்டிக்காரரின் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையைக் கழற்றினார்.

"செல்லாது, செல்லாது! இது இரக்கத்தால இறங்கறது. இரக்கத்தால இறங்கற கோபம் கணக்குல வராது. கோபம் கோபமாவே இருந்து, தானா தணியணும். இல்லைன்னா நாளைக்கு அவர் உடம்புக்கு ஏதாவது ஆனா யார் பதில் சொல்றது?" என் பக்கம் திரும்பினார். குரலில் வருத்தம் இருந்தது. "இது நியாயமாங்க? வீட்ல ஒரு நோயாளியை வச்சுக்கிட்டு, பாதிக்கப்பட்டவரை இப்படி மடக்கலாமா?"

"மடங்கறதா இருந்தா அவரை எதுக்கு மடக்கறேன், என் காலையே மடக்கியிருப்பேன்" என்றாள் மனைவி.

பின்வண்டிக்காரரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அடுத்த அமர்வுக்கு முன்னால் மையத்தின் பின்பக்கம், கைகழுவும் இடத்தில் அவரைத் தனியாகப் பார்த்தேன். முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"சார், நல்லா இருக்கீங்களா?" என்றார். இவ்வளவு மென்மையான குரல் இவருக்கு எங்கிருந்து வந்தது என்று விழித்தேன். "வீட்ல அம்மாவுக்குக் கால் எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு. உங்க கோபம்தான் தணியலையே."

"எனக்கு அன்னைக்கு வீட்டுக்குப் போறதுக்குள்ளயே போயிடுச்சு சார்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அதை உள்ளே சொல்லலாமே?"

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தப்பா நினைக்காதீங்க. நான் வாஷிங் மெஷின் கம்பெனியில புகார் பிரிவுல இருக்கேன். காலைலேருந்து போன் எடுக்கணும். மெஷின் சுத்தலைன்னு திட்டுவாங்க, தண்ணி ஒழுகுதுன்னு திட்டுவாங்க. என் அம்மா அப்பாவையெல்லாம் இழுப்பாங்க. நான், சரிங்க, புரியுதுங்கன்னு சொல்லணும். குரல் ஒரு இழை உசந்தா சீட்டு கிழிஞ்சிடும். இங்க வந்தா லீவு, காபி, விசிறி. நான் திட்டறதை ஒருத்தர் உக்காந்து கேக்கறாரு. வாழ்க்கையில எனக்கு இது கிடைச்சதே இல்ல சார்."

"அதுக்கு என் மனைவி கால்தானா கிடைச்சுது?"

தலையைக் குனிந்துகொண்டார். "கேட்டுட்டு எனக்கும் தூக்கம் வரலை சார். இயக்குநர்கிட்ட போய், போதும், தணிஞ்சுடுச்சுன்னு சொன்னேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? கோபம் போயிட்டா, அப்புறம் யார் இடிச்சதுன்னுதான் பாக்கணும், பரவாயில்லையான்னு கேட்டாரு. லைசன்ஸ் போயிடுமாம். எனக்கும் பசங்க இருக்காங்க. பயந்துட்டேன்."

மணி அடித்தது. அவர் கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டார். கூடத்துக்குள் நுழையும்போதே, "எங்கேய்யா அந்த ஆளு?" என்று கத்திக்கொண்டு போனார். அவர் மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பாவமாகத்தான் இருந்தது.

வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். மனைவி கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அப்ப ஒரே வழிதான். நீங்க கோபப்படுங்க. அவனைவிட அதிகமா கோபப்படுங்க. முள்ளு உங்க பக்கம் சாஞ்சா நீங்கதானே பாதிக்கப்பட்டவரு?"

வீட்டில் பழகினோம். அவளே பின்வண்டிக்காரராக இருந்து என்னைத் திட்டினாள். நன்றாகவே திட்டினாள், அதற்கு அவளுக்கு ஒத்திகை தேவைப்படவில்லை. நான் முஷ்டியை மடக்கி, மூச்சைப் பிடித்து, பல்லைக் கடித்து, கத்தினேன். அடுத்த வீட்டார் வந்து வயிற்றுவலியா என்று விசாரித்தார்கள். பரவாயில்லை, இது போதும் என்று நினைத்தேன்.

அமர்வு தொடங்கியது. கூடத்தில் எங்களைத் தவிர, தங்கள் முறைக்குக் காத்திருக்கும் ஜனங்கள் பைகளோடு பெஞ்சு முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். பின்வண்டிக்காரர் திட்டி முடித்தார். நான் எழுந்தேன். மனைவியின் முட்டியை நினைத்துக்கொண்டேன். உள்ளே உண்மையாகவே ஏதோ கொதித்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, இருக்கிற குரலையெல்லாம் திரட்டி உயர்த்தினேன்.

குரல் உயர்ந்தது. ஆனால் உயர்த்திப் பேச எனக்குத் தெரிந்தது ஒரே விதம்தான்.

"அனைவரின் கவனத்திற்கு! சிவப்பு விளக்கில் முறையாக நின்றிருந்த எனது வண்டியை, பின்னால் வந்த இவரது வண்டி இடித்துவிட்டது! எனது வண்டி உடனடியாக என்னிடம் ஒப்படைக்கப்பட வேண்டும்!"

தெளிவாக, ஏற்ற இறக்கத்தோடு, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி. பெஞ்சில் இருந்தவர்கள் மொத்தமாக எழுந்து பைகளைத் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கி நகர்ந்தார்கள். ஒரு அம்மாள் தூங்கிக்கொண்டிருந்த கணவரை உலுக்கி எழுப்பினார். பின்வண்டிக்காரரும் தன்னை அறியாமல் பாதி எழுந்திருந்தார். கோபமானி அம்மாள் பெட்டியைப் பார்த்தார். முள் அசையவில்லை.

இயக்குநர் மட்டும் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார். "என்ன குரல் சார் உங்களுக்கு! கேட்டாலே மனசு அடங்குது. வர்ற வாரம் எங்க ஆண்டு விழா. வரவேற்புரை நீங்கதான் வாசிக்கணும்."

வாசித்தேன். வேறு என்ன செய்ய? வாசித்தால் வண்டி சீக்கிரம் கிடைக்கும் என்று ஒரு நப்பாசை. விழாவில் இயக்குநர் நீண்ட உரை ஆற்றினார்.

"இந்த மையம் தொடங்கினப்போ கோபக்காரங்க நாலு பேர்தான் வந்தாங்க. இன்னைக்கு உக்கார இடமில்ல! இது யாரோட வெற்றி? சிலர் கேக்கறாங்க, எத்தனை பேர் கோபத்தைத் தணிச்சீங்கன்னு. நான் திருப்பிக் கேக்கறேன், கோபம்ங்கறது ஜனங்க நம்மகிட்ட நம்பி ஒப்படைச்ச பொருள். ஒப்படைச்ச பொருளைப் பத்திரமா வச்சுக்கணுமா, தொலைச்சுட்டு நிக்கணுமா?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

விழா முடிந்து எல்லோரும் மைதானத்துக்கு வந்தோம். இயக்குநர் மகிழ்ச்சியில் தன் ஜீப்பைத் தானே ஓட்டுவதாகச் சொல்லி ஏறினார். பின்னால் எடுத்தார். அங்கே பின்வண்டிக்காரரின் வண்டி நின்றது. டொம். இந்த முறை கீறல் இல்லை, கதவே உள்ளே போய்விட்டது.

பின்வண்டிக்காரர் ஓடிவந்தார். கோபமானி அம்மாளின் கையிலிருந்த பட்டையைத் தானே பிடுங்கி மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். "யோவ், பின்னாடி பாத்து எடுக்கக் கண்ணு இல்லையா?" என்று கத்திய கத்தலில் முள் ஓரத்தில் போய் முட்டி வளைந்துவிட்டது. இது கைகழுவும் இடத்தில் பட்டன் போட்டுக்கொண்டு வந்த கோபம் இல்லை, அசல்.

எல்லோரும் இயக்குநரைப் பார்த்தோம். அவர் ஜீப்பிலிருந்து இறங்கினார். சிரித்த முகமாகவே நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. பின்வண்டிக்காரர் தொண்டை கட்டும்வரை கத்தினார். இயக்குநர் வாயைத் திறக்கவே இல்லை. பிறகு என்னைத் தள்ளி அழைத்துப் போய்க் காதோடு சொன்னார்:

"கவனிச்சீங்களா? நான் வருத்தம் தெரிவிக்கல. வருத்தம் தெரிவிக்காதவரைக்கும் எதிர்த் தரப்புன்னு ஒண்ணு கிடையாது. இத்தனை நாள் அனுபவம் சார் இது. உங்களுக்கும் ஒரு நல்ல சேதி இருக்கு. ஒருத்தர் பேர்ல ஒரு நேரத்துல ஒரு கோபம்தான் நடப்புல இருக்கலாம். அவருக்குப் புதுக் கோபம் வந்துட்டதால பழசு தணிஞ்ச மாதிரி. வண்டியை எடுத்துக்கோங்க."

"இவர் கோபத்துக்கு யார் சார் பதில் சொல்றது?"

"எதிர்த் தரப்பு கிடைக்கற வரைக்கும் அவர் வண்டி இங்க இருக்கும்" என்றார்.

பின்வண்டிக்காரர் மைதானத்தின் நடுவில் மணிக்கட்டில் பட்டையோடு நின்றுகொண்டிருந்தார். இடித்தவர் எதிரிலேயே இருந்தும் திட்டுவதற்கு ஆளில்லை. என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எங்கள் இருவரையும் கைகுலுக்கச் சொல்லி யாரோ படம் எடுத்தார்கள்.

வண்டியின் மேல் தூசி ஒரு விரற்கடை ஏறியிருந்தது. பச்சைத் திண்டு ஒரு பக்கமாக வெளுத்துப் போயிருந்தது. நேராக வீட்டுக்கு ஓட்டி, மனைவியை ஏற்றி, பயிற்சி நிலையத்துக்குப் போனேன்.

அந்தப் பெண் என் மனைவியின் முட்டியை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல மடக்கிப் பார்த்தாள். கொஞ்சம் அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். என் மனைவி சத்தம் போடவில்லை, மேஜையின் விளிம்பைப் பிடித்திருந்தாள். பெண் கையை எடுத்துவிட்டாள். இந்தப் பெண் கையை எடுக்கவே மாட்டாள் என்று மனைவி சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது.

"ஏன் சார் இவ்வளவு நாள் விட்டீங்க?" என்றாள்.

இறுகிவிட்டது. நடக்கலாம், தடியோடு. மாடிப்படி கஷ்டம். தரையில் இனி உட்கார முடியாது.

திரும்பும்போது மனைவி காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்காகச் செய்த இருக்கை இனி எப்போதுமே அப்படித்தான் இருக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க யார் யாருக்காகவோ சொன்ன வார்த்தை. ஒரே ஒருத்திக்கு நான் சொல்ல வேண்டிய வார்த்தை.

"ஏற்பட்ட..." என்று ஆரம்பித்தேன். குரல் உடைந்துவிட்டது. அறிவிப்பு மாதிரியே இல்லை.

"வேணாம்" என்றாள் அவள், வெளியே பார்த்தபடி. "நீங்க சொல்லாதீங்க. சொல்ல வேண்டியவன் ஒருத்தன்கூட சொல்லலை. நீங்க எதுக்கு?"

சிக்னலில் சிவப்பு விழுந்தது. நின்றேன். பின்னாலிருந்து ஹாரன் விடாமல் அலறியது. கண்ணாடியில் பார்த்தேன், பெரிய வண்டி ஒன்று. அதிலிருந்து ஒருவர் கையை ஆட்டிக்கொண்டே இறங்கி எங்களை நோக்கி வந்தார். என் ஜன்னலைத் தட்டினார்.

"ஏன்யா நின்ன?"

என் வாய் தானாகத் திறந்தது.

மனைவி எட்டி, தைல வாசனை அடிக்கும் தன் உள்ளங்கையால் அதை இறுக்கிப் பொத்தினாள். விளக்கு பச்சையாகும்வரை கையை எடுக்கவில்லை.